மைக்செட் காது



நீளமான பதிவு. இரண்டு பேருக்குக் கோபம் வரும். அந்த இரண்டு பேர் யார் என்று அவர்களுக்கே தெரியும். மற்றவர்கள் கமெண்டில் துப்பறிய வேண்டாம்.

போன மாதம் பழைய மாணவர்கள் சந்திப்பு. சரவணம்பட்டிப் பக்கம், பவுண்டரி வைத்திருக்கும் மாணவர் வீட்டில். மாடியில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டியிருக்கிறார். ஆரஞ்சு நிறத்தில் எரியும் வால்வு ஆம்ப்ளிஃபையர், ஆள் உயரத்துக்கு மரத்தில் செய்த ஹாரன் ஸ்பீக்கர். சாஃப்ட்வேர்கார மாணவர் அதைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "மாப்ள, இது எட்டு வாட். டிஸ்டார்ஷன் ரெண்டு பர்சென்ட் இருக்கும். என்கிட்ட இருக்கறது உள்ளங்கையில அடங்கும், டிஸ்டார்ஷன் 0.001 கூட இல்ல." வீட்டுக்காரர் விடுவாரா? "நீ நம்பரைக் கேளு, நான் பாட்டைக் கேட்டுக்கறேன்" என்றார். காபி ஆறும் வரை சண்டை. நடுவில் ஸ்பீக்கர் ஒயரின் விலையையும் சொன்னார். காங்கேயம் காளை ஜோடி வாங்கலாம்.

அங்கே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்னூர்ப் பக்கம் மைக்செட் வைத்திருப்பவர். வகுப்பில் கடைசி பெஞ்ச். என்னிடம் அடி வாங்கியவர். பாட்டு முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நல்லா இருக்குதுங். லெஃப்ட்ல மட்டும் ஜால்ரா கொஞ்சம் உள்ள போனாப்பல கேக்குது."

சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் அன்றைக்கு முதல் முறையாக ஒத்துப்போனார்கள். சிரித்தார்கள். "உனக்கு மைக்செட் காதுடா. இதெல்லாம் புடிபட வருசமாகும்."

அவரும் சிரித்துக்கொண்டார். கிளம்பும்போது வண்டியை உதைத்துக்கொண்டே என்னிடம், "நமக்கேதுங் சார் அந்தக் காதெல்லாம்" என்றார். முப்பத்து மூன்று வருடம் ஒலியியல் பாடம் நடத்திய நான் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அபராதம்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிடித்த சத்தம் என்பது வேறு, உண்மையான வித்தியாசம் என்பது வேறு. பிடித்ததற்குக் காசு கொடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் உங்களுக்குப் பிடித்ததை உண்மை என்று அடுத்தவன் தலையில் கட்டாதீர்கள். அவனுக்குக் காது இல்லை என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள்.

முதலில் அந்த மைக்செட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எந்த ஒலிப்பெட்டியும் ஒரு கேள்விக்குப் பதிலாகச் செய்யப்பட்டது. கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலுக்கு மார்க் போடக்கூடாது. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் கேள்வி இது: குறைந்த வாட்டில், திறந்தவெளியில், மூன்று தோட்டம் தள்ளி இருப்பவனுக்கும் அறிவிப்பு புரிய வேண்டும். அதற்குக் குழாய்தான் சரியான பதில். சின்ன டயாஃப்ரம் அசைக்கும் காற்றை வெளிக்காற்றோடு படிப்படியாக இணைத்துவிடுவதால் சக்தி வீணாகாமல் சத்தமாக மாறுகிறது. பேஸ் வராது. தவிலில் வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போகும். மைக்செட்காரருக்கு அது தெரியும். தெரிந்துதான் கட்டுகிறார்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறிப் பாருங்கள். பாட்டில் பேஸ் வயிற்றைக் குத்தும். "ரசனை கெட்டவர்கள்" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. டீசல் எஞ்சினின் உறுமல் பெரும்பாலும் கீழ் அலைவரிசையில்தான் இருக்கிறது. பாட்டிலும் அதே பகுதியை அந்த உறுமல் முழுங்கிவிடும். அதை மீறிக் கேட்க வேண்டுமானால் பேஸை ஏற்றித்தான் ஆக வேண்டும். அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள் என்பது வேறு வழக்கு. ஆனால் அந்த டிரைவர் செய்வதில் ஒரு பௌதிகம் இருக்கிறது. அவருக்கு அதன் பெயர்தான் தெரியாது.

இனி பெரிய இடத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் பிபிசி, 1970களில், எல்எஸ்3/5ஏ என்று ஒரு குட்டி ஸ்பீக்கர் செய்தது. வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேனுக்குள் இடம் இல்லை. பேச்சுக் குரல் இயல்பாக இருக்கிறதா என்று பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். அதுதான் அவர்கள் கேள்வி. அதனால் சத்தம் குறைவு, பேஸ் குறைவு, குரல் மட்டும் அச்சு அசல். இன்றைக்கும் அதை லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிப் பெரிய ஹாலில் வைத்துவிட்டு, "பேஸ் வரலையே" என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கொச்சி. அங்கே ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய ரெதம் நிறுவனம் வேறு வழியில் போனது. சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மூன்று நான்கு டிரைவருக்குக் கொடுக்காமல், பெரும்பகுதியை ஒரே டிரைவர் பாட வேண்டும், ஹாரன் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இதை உலகம் முழுக்க ரசிக்கிறவர்கள் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு.

எட்டு வாட்டைக் கேலி செய்த சாஃப்ட்வேர் தம்பிக்கு ஒரு கணக்கு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் சின்னப் பெட்டி 85 டெசிபல் கொடுக்கிறது, பெரிய ஹாரன் 105 கொடுக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 20 டெசிபல். அதாவது சக்தியில் 100 மடங்கு. எட்டு வாட்டில் ஹாரன் தரும் சத்தத்தைச் சின்னப் பெட்டியில் எடுக்க எண்ணூறு வாட் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மடக்கை மறந்துபோகும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரமா?

வால்வும் ஹாரனும் ஒரு குடும்பம். டிரான்சிஸ்டரும் சின்னப் பெட்டியும் இன்னொரு குடும்பம். இரண்டும் உள்ளுக்குள் முரண்பாடு இல்லாத குடும்பங்கள். இதில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவது, மாட்டு வண்டியும் மொபெட்டும் எது உயர்ந்தது என்பது போலத்தான். எங்கே போகிறோம், என்ன ஏற்றுகிறோம் என்று சொன்னால் பதில் சொல்லலாம்.

இப்போது வீட்டுக்காரத் தம்பியிடம் வருகிறேன். "வால்வுல இருக்கற இனிப்பு மீட்டர்ல தெரியாதுங் சார்" என்றீர்கள். இதே வார்த்தையை நானே பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் மாமா வீட்டு வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். இனிப்பு என்றால் எனக்கு அதுதான். இரண்டு வருடம் முன்பு என் மாப்பிள்ளை, பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சரி பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. "பாத்தீங்களா மாப்பிள்ளை, உயிர் இருக்குது" என்றேன். அவர் மெக்கானிக்கல் என்ஜினியர், அதிகம் பேச மாட்டார். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க மாமா" என்றார்.

இரண்டையும் ஜமக்காளத்துக்குப் பின்னால் வைத்தார். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் சமன் செய்தார். இது முக்கியம். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே நம் காது அதை "சத்தம் கூட" என்று சொல்லாது, "தரம் கூட" என்று சொல்லும். கடைக்காரருக்குத் தெரிந்த முதல் வித்தை இதுதான். பிறகு நாணயத்தைச் சுண்டி, எது விழுகிறதோ அதை ஓட்டினார். பத்து முறை.

ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக வர 1024இல் 11 வாய்ப்புதான், நூற்றுக்கு ஒன்று. மீசை முறுக்கினேன். வித்தியாசம் இருக்கிறது, நான் கேட்கிறேன்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நடுவில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தார். ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் டீக்காசுக்குக் கிடைக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டி. திரும்பவும் சமன் செய்து, திரும்பவும் பத்து முறை.

ஐந்து சரி. ஐந்து தப்பு.

ஏன் என்று போர்டில் போட்டுக் காட்டுகிறேன். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருக்கும். உண்மையில் அது அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ஓரிடத்தில் 6 ஓம், பேஸில் ஒத்ததிர்வு வரும் இடத்தில் 30 ஓம் என்று இருக்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் உள்மின்தடை ஏறக்குறைய பூஜ்யம், அதனால் இது அதைப் பாதிக்காது. பல வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் உள்மின்தடை சில ஓம் இருக்கும். 2 என்று வையுங்கள். 6 ஓம் இடத்தில் ஸ்பீக்கருக்குப் போவது எட்டில் ஆறு பங்கு, 0.75. 30 ஓம் இடத்தில் முப்பத்திரண்டில் முப்பது பங்கு, 0.94. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 டெசிபல். அதாவது பேஸில் ஒரு சின்ன மேடு. அதோடு வால்வு தன் பங்குக்கு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரத்தை லேசாகச் சேர்த்துப் பாடும். ஸவுக்கு மேல் ஸ. அபஸ்வரம் இல்லை என்பதால் காதுக்கு இதம். நான் பல வருடம் உயிர் என்று சொன்னதில் பெரும்பங்கு அந்த 2 ஓம்.

இது என் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 1978இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனம் தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தது. நடத்தியவர் ஜேம்ஸ் மாய்ர். கேட்டவர்கள் அனுபவசாலிகள். பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1985இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்பவர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைத் தன் விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் கொண்டுவருவேன் என்று சவால் விட்டார். ஓட்டல் அறையில் உட்கார்ந்து சில நாளில் கொண்டுவந்தார். பத்திரிகைக்காரர்களே வித்தியாசம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு நான் வால்வை விற்றுவிட்டேனா? இல்லை. தினமும் சாயங்காலம் அதில்தான் கேட்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வெளிச்சம் பிடித்திருக்கிறது, மாமா வீடு ஞாபகம் வருகிறது. அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அது என் மனசில் இருக்கும் சத்து. அதை மீட்டருக்கு எட்டாத ரகசியம் என்று சொல்லி உங்களுக்கு விற்றால் நான் வாத்தியார் இல்லை, தரகன்.

அந்த ஒயருக்கு வருவோம். இரண்டு மீட்டர் நீளம். வீட்டில் பவர் பிளக்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர நான்கு மீட்டர் என்றால் மின்தடை 0.03 ஓம் கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் ஏற்படும் இழப்பு 0.03 டெசிபல். என் 2 ஓம் கட்டி செய்ததைக் காது கண்டுபிடித்தது. இதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. காளை ஜோடி விலை கொடுத்தது ஒயருக்கு இல்லை தம்பி, அது வந்த வெல்வெட் பெட்டிக்கு.

கண்ணபுரம் சந்தையில் மாடு வாங்கியவர்களுக்குத் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் யாராவது முன்பணம் கொடுப்பார்களா? மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலையை மறைப்பார்கள், மாட்டை மறைக்க மாட்டார்கள். ஆடியோ கடையில் விலையைப் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். அங்கே துண்டு போட்டு மூட வேண்டியது பெட்டியை. மூடிவிட்டுக் கேளுங்கள். "இந்த மாதிரிச் சோதனை பண்ணினா காது டென்ஷன் ஆயிரும் சார்" என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னார். கண் திறந்திருந்தால் வராத டென்ஷன் கண்ணை மூடினால் மட்டும் வருமா?

மீட்டர் கட்சிக்காரருக்கும் பாக்கி இருக்கிறது. 0.001 என்று பெருமைப்படுகிறீர்கள் தம்பி. உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறேன். தரை முழுக்க வழுவழு டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. கை தட்டினால் கோயில் மண்டபம் மாதிரி எதிரொலிக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவதில் பாதியைச் சுவர்தான் பாடுகிறது. ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, கண்ணாடிக்கு ஒரு கனத்த திரை போட்டு, ஒரு புத்தக அலமாரியை நகர்த்தினால் வரும் மாற்றம், உங்கள் ஆம்ப்ளிஃபையரில் இன்னும் இரண்டு பூஜ்யம் சேர்த்தாலும் வராது. அளக்கிறவன் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். தான் ஜெயிக்கிற இடத்தை மட்டும் அளப்பது அறிவியல் இல்லை, வக்கீல் வேலை.

"அவரவர் ரசனை சார், விவாதமே வேண்டாம்" என்று சமாதானம் பேசுகிறவர்களும் உண்டு. அதுவும் முழு உண்மை இல்லை. 1994இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை உட்கார வைத்து, நான்கு ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னாலும் பிறகு கண்ணுக்குத் தெரியும்படியும் கேட்க வைத்தார்கள். பார்த்துக் கேட்டபோது பெட்டியின் அளவும் தோற்றமும் பெயரும் மார்க் போட்டன. டூல் கனடாவில் வருடக்கணக்காக நடத்திய சோதனைகளும் ஒரே திசையைத்தான் காட்டின: கண்ணை மறைத்தால் பெரும்பாலானவர்கள், எந்தப் பக்கமும் மேடுபள்ளம் அதிகம் இல்லாத, நேர்மையான ஸ்பீக்கரையே விரும்புகிறார்கள். நாம் நினைக்கிற அளவுக்கு நம் காதுகள் வேறுபடவில்லை. கண்கள்தான் வேறுபடுகின்றன, பர்சுகளும்.

"காது சொல்வதைக் கருவி சொல்லாது" என்பவர்களுக்கு நம்மூர் உதாரணம் போதும். பஞ்சு பார்ப்பவர்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பிடி பஞ்சை எடுத்து இரண்டு கையாலும் இழுத்து, இழை நீளத்தைச் சொல்லிவிடுவார்கள். 1956இல் இதே கோயம்புத்தூரில் சிட்ரா வந்தது. கருவி வைத்து இழையை அளந்தார்கள். நல்ல கை சொன்னதும் கருவி சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கருவியோடு எப்போதுமே ஒத்துப்போகாத கையை யாரும் ஞானக் கை என்று சொல்லவில்லை. ஆலை முதலாளி நஷ்டப்படுவாரே!

நல்ல காதும் அப்படித்தான். அது வேலை செய்து பழகியதால் வருவது, விலை கொடுத்து வாங்குவது இல்லை. ஐம்பது தாண்டிய நம் எல்லோருக்கும் மேல் அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன வருடம் எனக்குச் செய்த காதுப் பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. உயர்தர ஆடியோவில் நிறையச் செலவு செய்கிற வயதும் அதே வயதுதான். இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறது, எனக்கும் சேர்த்துத்தான்.

மைக்செட்காரருக்கு வேறு பயிற்சி. நாலு குழாயைக் கட்டிவிட்டுத் தூரத்தில் நின்று, எதில் காயில் உரசுகிறது, எதில் டயாஃப்ரம் போய்விட்டது என்று பாட்டு ஓடும்போதே கண்டுபிடிக்க வேண்டும். தப்பினால் தேர் அன்றைக்கு ஊர் நடுவில் மானம் போகும். முப்பது வருடமாக அவர் தினமும் எழுதுவது கண்ணைக் கட்டிய பரீட்சை.

இனிதான் விஷயம். சந்திப்பு முடிந்து பத்து நாள் கழித்து வீட்டுக்காரத் தம்பி எனக்குப் போன் செய்தார். சாஃப்ட்வேர்காரர் சும்மா இருக்க முடியாமல் அளவு மைக் எடுத்துக்கொண்டு போய் அந்த அறையை அளந்திருக்கிறார். இடது ஸ்பீக்கரில் மேல் அலைவரிசை 4 டெசிபல் குறைவு. கழற்றிப் பார்த்தால் ட்வீட்டருக்குப் போகும் இணைப்பு பச்சை பிடித்துக் கிடந்திருக்கிறது. ஒரு வருடமாக அப்படியே இருந்திருக்கலாம் என்றார். "நல்லவேளை சார், அவன் மைக் வெச்சுப் பாத்தான்" என்றார்.

அவன் மைக் வைத்துப் பார்த்ததற்குப் பத்து நாள் முன்பே ஒருவர் காது வைத்துச் சொன்னாரே தம்பி? "ஜால்ரா உள்ள போனாப்பல" என்று சொன்ன அந்த வாக்கியமும் 4 டெசிபலும் ஒன்றுதான். கருவியும் காதும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கின்றன. நடுவில் தொடாமல் நின்றது, காளை ஜோடி விலைக்கு வாங்கிய ஒயரும், நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பும்.

இதே ஊரில் ஜி.டி. நாயுடு 1941இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று அறிவித்தார். நல்ல சத்தம் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அது. பவுண்டரி, பம்பு, கிரைண்டர் என்று நம்மூர் பெயர் வாங்கியதெல்லாம் அந்த வழியில்தான். செய்கிறவன் கையை மதித்த ஊர் இது. விலைச் சீட்டைப் பார்த்துக் காதை அளக்கிற ஊராக இது மாற வேண்டாம்.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: அடுத்து என்ன வாங்கினாலும் சத்தத்தைச் சமன் செய்து, பெட்டியை மூடி, பத்து முறை கேளுங்கள். ஒன்பது சரியாக வந்தால் வாங்குங்கள். ஐந்து வந்தால் அந்தக் காசில் ஜமக்காளம் வாங்குங்கள். ஐந்து வந்தும் அதுதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு பேருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. இதை எழுதும் வரை அன்னூருக்கு உங்களிடமிருந்து போன் போகவில்லை என்று தெரியும். விசாரித்துவிட்டேன். இந்தப் பதிவுக்கு லைக் போட வேண்டாம். அவரைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்கே வரச் சொல்லி, அதே பாட்டைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். அவர் தலையாட்டினால்தான் அந்த அறை சரியாகிவிட்டது என்று நான் நம்புவேன்.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மன்னித்துக்கொள் கண்ணு.

அன்புடன்,
உங்கள் பழைய பௌதிக வாத்தியார்